குளிர்ற மலையில ஏமாத்துற வெயில்

70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போனா, குளுகுளுன்னு காத்து. "இங்க என்ன வெயில்?"னு சன்ஸ்க்ரீனைப் பையிலேயே வெச்சிடுவோம். அங்கதான் ஏமாறுறோம். தோலைக் கருக்கறது சூடு இல்ல, புற ஊதாக் கதிர். 1,000 மீட்டர் உயரம் ஏறினா அது சுமார் 10 சதவீதம் கூடும். குளிர்ல நமக்கு உறைக்காது.

அதைக் கண்ணுக்குக் காட்டத்தான் நிறம் மாறும் ஸ்டிக்கர். 2016-ல் லோரியால் அறிமுகப்படுத்திய 'மை யுவி பேட்ச்'சில் இருந்த சாயம், கதிர் பட்டா நிறம் மாறும். போட்டோ எடுத்தா, எவ்வளவு பட்டிருக்குன்னு ஆப் கணக்குச் சொல்லும்.

ஸ்டிக்கர் இல்லையா? ஆகாய கங்கைக்குப் படி இறங்கும் முன் உங்க நிழலைப் பாருங்க. உங்களைவிடக் குட்டையா இருந்தா கதிர் கடுமை. தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்க்ரீன் மூணையும் எடுங்க.