வயிற்றுக்குச் சோறும் கைக்கு வேலையும்



ஆட்டிசம் என்னும் நரம்பு வளர்ச்சி வேறுபாட்டோடு பிறந்து, 18 வயதை எட்டிப் பள்ளியை விட்டு வெளியேறுகிற நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இன்று பூம்புகாரில் உங்கள்முன் நிற்கிறேன். பள்ளி இருக்கும்வரை, காலையில் குளித்துச் சீருடை உடுத்தி வேனுக்காக வாசலில் காத்திருக்க அப்பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்தது. வேன் வராத நாள் தொடங்கி, வேலையொன்றும் இல்லாமல் திண்ணையிலே உட்கார்ந்திருந்து, ஆசிரியர்கள் அரும்பாடுபட்டுக் கற்பித்த எழுத்தையும் காசு எண்ணும் பழக்கத்தையும் அப்பிள்ளை ஒவ்வொன்றாக இழந்துவிடுவதைக் கண்ணீரோடு பார்த்திருக்கும் தாய்மார்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். இலவசக் கல்விக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த எல்லை 18 வயது. அதற்குப் பின்னும் அப்பிள்ளை அறுபது ஆண்டு வாழ வேண்டுமே!

ஆட்டிசத்தை விரிவாக வருணித்த முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்காவில் குழந்தை மனநல மருத்துவராயிருந்த லியோ கானர். 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் பதினொரு குழந்தைகள் இடம்பெற்றனர்; அவர்களுள் முதலாமவன், மிசிசிப்பி மாகாணத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். ஒன்பதாம் வயதில் அச்சிறுவனைப் பெற்றோர் ஓர் உழவர் தம்பதியிடம் ஒப்படைத்தனர். மக்காச்சோளக் கொல்லையின் வரிசைகளை அவன் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான். அவர்களோ அதைத் தடுக்காமல், உழுதுகொண்டே எண்ணும்படி ஏரை அவன் கையில் கொடுத்தார்கள். எதையும் அளந்து பார்க்கும் பித்து அவனுக்கு இருந்தது. கிணறு தோண்டி அதன் ஆழத்தை வந்து சொல்லும்படி பணித்தார்கள். 1945இல் அங்கே சென்ற கானர், அச்சிறுவன் குதிரையையும் கலப்பையையும் செவ்வையாக நடத்துவதைத் தம் கண்ணால் கண்டு, அத்தம்பதியின் விவேகத்தை வியந்து எழுதினார். பிற்காலத்தில் டொனால்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, ஊர் வங்கியில் வேலை பார்த்து, 2023இல் 89 வயதில் மறைந்தார். அந்தப் பதினொருவரும் என்ன ஆனார்கள் என்று கானர் 1971இல் திரும்பிப் பார்த்தபோது, பெரிய அரசுக் காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்தனர்.

டொனால்டின் குடும்பத்துக்கே வங்கி சொந்தம், நமக்கு அப்படியா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆயினும் பிள்ளையின் பிடிவாதத்தையே வேலையாக மாற்றிய சாமர்த்தியம் வங்கியிலிருந்து வந்ததன்று. ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து வந்தது. அந்தச் சம்பத்து காவிரிப் படுகையில் குறைவா?

மணிமேகலை இந்த ஊரின் காவியம். அமுதசுரபி ஏந்தி அநாதைகளுக்கும் அங்கவீனர்களுக்கும் அன்னமிட்டு, அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள் அதன் நாயகி. அந்தக் கருணைக்கு இணையான கருணை உலகில் மிக அரிது. ஆனால் நம் பிள்ளைகளுக்குச் சோறிட வீட்டில் ஆள் இருக்கிறார்கள். அன்னத்தோடு நின்றுவிடும் தருமம் அவர்களுக்குப் போதாது. இந்தக் கையாலும் ஒரு காரியம் ஆகிறது என்று ஊரார் ஒப்புக்கொள்வதே அவர்களுடைய பசி.

சட்டம் ஒன்றும் செய்யாமலில்லை. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய 4 சதவீதத்தில் 1 சதவீதத்தை, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் முதலியவை உடையோர் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. ஆனால் இங்கிருந்து நாள்தோறும் போய்வர யாரால் இயலும்? ஆகவே உத்தியோகம் ஊருக்குள்ளேயே பிறக்க வேண்டும். விதைநெல்லில் கலந்த பிற நெல்லைப் பொறுக்கிப் பிரித்தல், நாற்றுப் பண்ணையில் பைக்கு மண் நிரப்புதல், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கையைக் குறித்தல், தைக்கால் ஊரில் பிரம்பு பின்னுதல் ஆகிய இவை யாவும் ஒரே ஒழுங்கை விரும்பும் மனத்துக்கு இசைந்தவை. அரிசி ஆலையின் இயந்திர இரைச்சல் சில பிள்ளைகளுக்குச் சித்திரவதை. அவர்களை ஆலைக்குள் விடாமல் தனி அறையில் அமர்த்துங்கள். வேலையைப் படம் போட்டு, படிப்படியாகக் காட்டுங்கள். சாடையாகச் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள். பழகும்வரை சில வாரம் ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்கட்டும். செய்த வேலைக்கு உரிய கூலியை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: இதற்கான பயிற்சியை 14 வயதிலேயே தொடங்குங்கள். தனியே பேருந்து ஏறவும், மீதிச் சில்லறை கேட்டு வாங்கவும், வலிக்கிறது என்று சொல்லவும் அறிந்த பிள்ளைக்கே எந்தப் பயிற்சியும் பயன்படும். எல்லோரும் சம்பாதித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பேச்சே வராத, எப்போதும் துணை தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு இந்த வட்டாரத்திலேயே பகல் நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்று அவசியம். அவர்களுடைய பெற்றோர், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் காப்பாளர் நியமனம் பெறுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற ஏக்கத்தோடு இங்கே அமர்ந்திருக்கிற தாயின் முன்னிலையில் கேட்கிறேன்: அரிசி ஆலை, நாற்றுப் பண்ணை, விதைக்கடை, கைவினைக் கூடம் நடத்துகிற பெரியவர்கள், தலைக்கு ஒரு பிள்ளையை இந்தக் குறுவை முடியும்வரை மட்டுமாவது ஏற்றுக்கொள்ள வேண்டும். மேடையின் வலப்பக்கம் சிறப்பாசிரியர்கள் பதிவேட்டோடு அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் பெயரையும், கொடுக்கக்கூடிய வேலையையும், அதற்குரிய கூலியையும் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.