பொங்கலுக்குக் கால் மணி நேரம்

லீவு விட்டாலே பிள்ளைங்க கையில் செல்போன்தான்னு சொல்றோம். அதே செல்போனோடு குடும்பமா மொட்டை மாடிக்குப் போங்க.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் கவனித்து, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணி, இ-பேர்டு செயலியில் பதிவிடலாம். கட்டணம் கிடையாது. பெயர் தெரியலைன்னா தாத்தா பாட்டியைக் கேளுங்க. ஊகித்து எழுத வேண்டாம்.

"எங்க தெருவில் காக்காவும் மைனாவும்தானே இருக்கு" என்று விட்டுடாதீங்க. சாதாரணப் பறவைகளையும் வருடா வருடம் எண்ணினால்தான், எது குறையுதுன்னு முன்கூட்டியே தெரியும். காணாமல் போன பிறகு எண்ண முடியாது. இந்தப் பொங்கலுக்குக் கணக்குப்பிள்ளை வேலையை உங்க வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்க.