புற்றுநோய்க்குத் தலைவிதியா காரணம்?

புற்றுநோய் முன்ஜென்ம பாவத்தின் பலன் என்கிறார்கள். அப்படியானால் அப்பாவம் பெரும்பாலும் வயோதிகத்தில் வந்து பிடிப்பானேன்?

உயிரணு பிரியும்போதெல்லாம் மரபணுவைப் பிரதி செய்கிறது. சமயத்தில் பிழை விழுகிறது. பிழைமேல் பிழை சேர்ந்தே புற்றாகிறது. குடலில் தீங்கற்ற சிறு கட்டி புற்றாக 5 முதல் 20 ஆண்டாகும்.

அத்தனை காலம் குடலுக்குள் உட்கார்ந்து பார்ப்பவர் யார்? ஆகவே பேரன்விங்கெல் முதலிய அறிஞர்கள் கணினிக்குள்ளேயே அணுக்களைப் பெருகவிட்டு, பிழைகளைக் குருட்டாம்போக்கில் விழச்செய்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிழையும் அணுவின் பெருக்கத்துக்குச் சராசரி நூற்றுக்கு 1 பங்கு அனுகூலம் தந்தாலே போதும், புற்று விளைந்துவிடும் என்று கண்டார்கள். தலையெழுத்து எழுதுகிறவனுக்கு இதில் வேலையே இல்லை.

நமக்குத்தான் வேலை. அந்த ஆண்டுகள் நமக்குள்ள அவகாசம். கட்டியை முன்னமே கண்டு நீக்கினால் அது புற்றாகாது. பரிகாரத்துக்கு முடிந்துவைத்த காசை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள்!