குறை கண்டால் கரை காணலாம்



பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நான் தவறினேன். தந்தையார் கடிந்துரைக்கவில்லை. "பொழுது சாயுமுன் உண்டுவிடு, விடைத்தாள் நகலுக்கு நாளை விண்ணப்பிப்போம்" என்றார்.

நகலைக் கண்டபோது, பிழை திருத்தியவரிடம் இல்லை, என்னிடமே என்பது விளங்கிற்று. சூத்திரங்களை எழுதியிருந்தேன், கணக்குகளை முடிக்கவில்லை. குறை இன்னதெனத் தெரிந்ததும் அச்சம் அகன்றது. நாள்தோறும் கணக்குகளையே பயின்றேன். துணைத்தேர்வில் தேறி, அவ்வாண்டே கல்லூரியில் சேர்ந்தேன்.

தேறியும் மதிப்பெண் குறைந்தோரே, பொறியியல் தரவரிசைக்கான 200இல் இயற்பியலின் பங்கு 50 மட்டுமே, கணிதத்திற்கு 100. ஒரு பாடத்தின் சரிவால் வழி அடைபடாது.

பெற்றோர்களே, முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையை முதலில் உண்ணச் செய்யுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு பேசலாம்.