நாய்க்கு நாலு கருத்து, மனிதருக்கு?



ஓசூரில் தெருநாயைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் கிடையாது. டீக்கடையில் பேச்சை எடுத்துப் பாருங்கள். "எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டுப் போய் எங்கயாவது விடணும்" என்பார் ஒருவர். "அதுவும் ஒரு உசிருதானே" என்பார் பக்கத்தில் இருப்பவர். மூன்றாமவர் மாநகராட்சியைத் திட்டுவார். நாலாமவர் எல்லாவற்றுக்கும் பெங்களூரைக் காரணம் சொல்வார். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு மொழி புழங்குகிற எல்லை ஊர் இது. நாலிலும் இந்தச் சண்டை நடக்கிறது.

இதில் யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று பார்த்தால், சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்குத்தான். கம்பெனி பஸ் அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் நடை. நடுவில் ஒரு கோழிக்கடை, ஒரு குப்பைத் தொட்டி, எரியாத தெருவிளக்கு. அந்தத் தொட்டியடியில் ஏழெட்டு நாய்கள். கையில் தடி வைத்திருப்பவர் உண்டு. சிலர் பையில் டிஃபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பார்கள். அதைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் போகும் வழியில் அத்திப்பள்ளியில் கட்டுகிற சுங்கம் மாதிரிதான் அதுவும். கொடுத்தால் வழி விடும்.

இந்தப் பயத்தைச் சும்மா என்று தள்ள முடியாது. 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 37 லட்சம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். வெறிநோய் முற்றிய பிறகு மருந்து கிடையாது. ஆனால் கடித்த உடனே செய்ய வேண்டியதைச் செய்தால் உயிர் போகாது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போட வேண்டும். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். இலவசம்தான். "சின்னக் கீறல்தானே" என்று இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, பிடித்துக் கொன்றுவிட்டால் தீருமா? சென்னை மாநகராட்சி அதைத்தான் நூறு வருஷத்துக்கும் மேல் செய்து பார்த்தது. 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். எழுபதுகளில் குவிந்த நாய்த்தோலைக் கொண்டு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கழுத்து டை செய்து பார்த்தார்களாம்! அப்படியும் நாய் குறையவில்லை. கொன்ற இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்து சேர்ந்தது, குப்பை அங்கேயே கிடந்ததால். 1996-ல்தான் அங்கே கருத்தடைக்கு மாறினார்கள். 2001-லும் பிறகு 2023-லும் வந்த மத்திய விதிகளும் அதையே சொல்கின்றன. உள்ளாட்சி அமைப்பு நாயைப் பிடித்து, அறுவை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது நுனியில் ஒரு வெட்டு இருந்தால் அறுவை முடிந்த நாய் என்று அர்த்தம். உங்கள் தெருவில் எத்தனை நாய்க்கு அந்த வெட்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாநகராட்சியைத் திட்டுவதற்கு முன் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

வளர்ப்பு நாய்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியவை தெருநாய்கள் இல்லை. ராட்வீலர்கள், உரிமையாளர் உள்ள நாய்கள். அதற்குப் பிறகுதான் உரிமம், சங்கிலி, வாய்மூடி என்று சென்னையில் கெடுபிடி தொடங்கியது. இப்போது உரிமம் இல்லாமல் வளர்த்தால் அங்கே 5,000 ரூபாய் அபராதம். ஓசூருக்குத் தனி விதி வரட்டும், வராமலும் போகட்டும். பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு இங்கேயும் செல்லும். தன் விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலையில் லாப்ரடாரை அவிழ்த்துவிட்டு, "ஒண்ணும் பண்ணாது சார், ஃபிரெண்ட்லி" என்று தூரத்திலிருந்து குரல் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். அது ஒன்றும் பண்ணாது என்று உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிற பாட்டிக்கு எப்படித் தெரியும்?

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கூத்து. 2025 ஜூலையில் பெங்களூரு மாநகராட்சி, தெருநாய்களுக்குத் தினம் கோழிச் சோறு போட ஆண்டுக்கு 2 கோடியே 88 லட்சம் ரூபாயில் ஒரு திட்டம் போட்டது. ஒரு நாய்க்கு ஒரு வேளைக்கு 22 ரூபாய் சொச்சம். பசித்த நாய்தான் கடிக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்தச் செய்தி வந்தபோது இந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பிறகு உச்ச நீதிமன்றம். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, ஊசி போட்டுப் பழைய இடத்திலேயே விடலாம், வெறிபிடித்தவையையும் மூர்க்கமானவையையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு நாடு முழுமைக்கும். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது.

பேருந்து நிலையம் என்று சொல்லிவிட்டேன் அல்லவா? இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் நாய் மட்டும் படுத்திருக்கவில்லை. கடை ஷட்டருக்குக் கீழே அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் மேஸ்திரி வந்து கூப்பிடுவார் என்று காத்திருக்கிற கட்டட வேலைக்காரர் உண்டு. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து, கூட்டிவந்த கான்ட்ராக்டர் போனை எடுக்காததால் நிற்கிற பையன் உண்டு. வீட்டைவிட்டு வந்த முதியவர் உண்டு. தன் பேரே சொல்லத் தெரியாத பெண் உண்டு. அவர் பேசுவது எந்த மொழி என்றே நம்மில் பாதிப் பேருக்குப் புரியாது. எல்லை ஊரின் பேருந்து நிலையம் இப்படித்தான். பல மாநிலத்துத் துயரம் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்.

இவர்களைப் பற்றி ஊரின் கருத்து என்ன? கேட்டுப் பாருங்கள். "குடிகாரனுங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாய்க்காக அரை மணி நேரம் வாதாடியவரும் இங்கே அரை நிமிடத்துக்கு மேல் பேசமாட்டார். நாய் துரத்தினால் அது நம் காலுக்குப் பிரச்சினை. படுத்திருப்பவர் நம்மைத் துரத்துவதில்லை. அதனால் அவரைப் பற்றிப் புகாரும் இல்லை, பேச்சும் இல்லை.

சட்டம் மட்டும் இவர்களை மறக்கவில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு, இரவும் பகலும் இயங்கும் ஒரு தங்குமிடம் வேண்டும் என்றது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதை ஒரு லட்சம் மக்கள்தொகை தாண்டிய ஊர்களுக்கும் கொண்டுவந்தது. ஒரு லட்சத்துக்குக் குறைந்தது நூறு பேர் தங்க இடம், ஆளுக்கு 50 சதுர அடி, முடிந்தவரை பேருந்து நிலையம், சந்தை, வேலை கிடைக்கிற இடங்களுக்குப் பக்கத்தில் என்றது அதன் விதி. 2011 கணக்கெடுப்பிலேயே ஓசூர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனநலம் குன்றி அலைகிறவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 100-ஆம் பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

ஆக, அந்தப் பேருந்து நிலையத் தரையில் படுத்திருக்கும் இரண்டு உயிர்களுக்கும் விதி இருக்கிறது. நாய்க்கான விதி தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் விவாதம் ஆனது. மனிதருக்கான விதி இருப்பதே ஊருக்குத் தெரியாது. என் ஆதங்கம் இதுதான். நாய்க்காகப் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. அதே வாயால் பக்கத்தில் படுத்திருப்பவருக்காகவும் கேட்டால் போதும்.

எங்கே கேட்பது? வாட்ஸப் குழுவில் கேட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது காணாமல் போய்விடும். கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வந்திருக்கிறது, பகுதி சபா. 2022 விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதி மக்கள் கவுன்சிலர் தலைமையில் உட்கார்ந்து பேச வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. ஓசூரில் 45 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரையே கேளுங்கள். தேதி சொல்லத் தயங்கினால் மறுபடியும் கேளுங்கள்.

போகும்போது மூன்று கேள்வி எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் வார்டில் இந்த ஆண்டு எத்தனை நாய்க்குக் கருத்தடை ஆனது? கோழிக்கடைக் கழிவை யார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்? பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடற்றோர் தங்குமிடம் எங்கே, அதில் இன்றிரவு எத்தனை இடம் காலி? அந்தத் தங்குமிடத்தின் போர்டு ஹிந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும் என்று யாராவது சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

2011 கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 இரவில் வீடற்றவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் வந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். அதுவரை காத்திருக்க வேண்டாம், அடுத்த பகுதி சபாவுக்கே போய்க் கேளுங்கள்.