நீளச் சொல்லைத் துண்டு போடுவோம்



நம் மீனாட்சிபுரத்தில் பால் சோதனைச் சாவடி இருக்கிறது. பால் தொழிலில் அடிக்கடி கேட்கும் ஓர் ஆங்கிலச் சொல் பாஸ்டரைசேஷன்.

"இது என் வாயில் நுழையாது, தம்பி" என்றார் ஓர் அக்கா. முழுக் கரும்பையும் ஒரே கடியாகக் கடிக்க முடியுமா? துண்டு போடுவோம்.

பாஸ் - ட - ரை - சே - ஷன். ஐந்தே துண்டு. கைதட்டிச் சொல்லுங்கள். 'சே' வரும்போது பலமாகத் தட்டுங்கள். அழுத்தம் அங்கேதான். ரேஷன், ஸ்டேஷன் என்று சொல்லிப் பாருங்கள். அவற்றிலும் 'ஷன்' என்பதற்கு முந்தைய துண்டில்தான் அழுத்தம்.

சொல் எப்படிப் பிறந்தது? லூயி பாஸ்டர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி. 1860களில் திராட்சை மது கெடாமலிருக்க அதை அளவாகச் சூடாக்கினார். அவர் முறைப்படி செய்வது 'பாஸ்டரைஸ்'. அந்தச் செயலின் பெயர் 'பாஸ்டரைசேஷன்'. நம் 'படி', 'படிப்பு' ஆவது போலத்தான்.

பின்னர் இந்த முறை பாலுக்கும் வந்தது. பாலை 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 விநாடி வைத்து, உடனே குளிர வைப்பார்கள். நோய்க் கிருமிகள் சாகும். வீட்டில் கறந்த பாலை நாம் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

யாராவது நீளச் சொல் சொன்னால் வெறுமனே தலையாட்டாதீர்கள். துண்டு போடுங்கள். பொருள் கேளுங்கள்.

எங்கே, எல்லோரும் ஒருமுறை: பாஸ் - ட - ரை - சே - ஷன்!