நந்தா விளக்குக்கு நெய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசிக் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இன்று நாம் பேச எழுந்திருப்பதோ பணத்தைப் பற்றி. விழா நாளில் பணப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் தமிழ் வளர்ந்த வரலாற்றில் ஒரு பெரும் பகுதி, அதற்குப் பொருள் தேடிய வரலாறே ஆகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடிகளைத் தேடியதோடு அமையாது, நூலை வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பம் இடுவோரையும் தேடினார். அப்பெரியார் நாணாத ஒன்றுக்கு நாம் நாணுவானேன்?

நம் சங்கத்தின் இணையதளத்தை நடத்தும் செலவை யார் ஏற்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வரும் தமிழ்க் குடும்பம், பெட்டி படுக்கையை அவிழ்க்கும் முன்னரே நம்மைக் கண்டுகொள்வது அத்தளத்தில்தான். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நேரமும், நூலகத்தின் பட்டியலும், குருதி வேண்டுவோரின் அறிவிப்பும், சங்கத்தின் பழைய மலர்களும் அங்கேயே உள்ளன. கட்டணம் இன்றி எல்லாரும் பயன்கொள்கிறோம். கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

செலவு மூவகைப்படும். முதலாவது, பெயர். இணையத்தில் ஒரு பெயரை எவரும் நிலம் வாங்குவதுபோல் வாங்கிவிட இயலாது. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கே பெறலாம்; நம்முடையது போன்ற பெயர்களை ஒரே தடவையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்யவும் முடியாது. இரண்டாவது, இடம். நம் படங்களும் எழுத்துகளும் எங்கோ ஓர் இயந்திரத்தில் இரவும் பகலும் காத்திருக்கின்றன. அதற்கு வாடகை உண்டு. மூன்றாவது, காவலும் உழைப்பும். காவலின் ஒரு பகுதியாகிய பாதுகாப்புச் சான்றிதழை 2015ஆம் ஆண்டு முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநலச் சேவை விலையின்றி வழங்கி வருவதால் அந்தச் சுமை குறைந்திருக்கிறது. உழைப்பைத் தொண்டர்கள் தருகின்றனர். ஆகவே தொகை பெரிதன்று. ஆயினும் அது ஒருநாளும் நில்லாத செலவு.

இதுகாறும் இச்செலவை இளைஞர் சிலர் தம் கைப்பணத்திலிருந்து ஏற்று வந்துள்ளனர். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். எனினும் இம்முறையில் ஓர் இடர் உண்டு. நம் குடியிருப்பில் எவருக்கும் மாற்றல் ஆணை எந்நாளும் வரலாம். பெயரைப் பதிவு செய்தவர் வேறூருக்குச் சென்று, அவருடைய பழைய முகவரிக்குப் புதுப்பிப்பு அறிவிப்பு வந்து கிடந்தால், தவணை தவறும். தவறிய பெயரைச் சிறிது காலத்திற்குள் மீட்காவிடின் உலகில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் வகுப்பைத் தேடி வரும் குழந்தை சூதாட்ட விளம்பரத்தைக் காணும் நிலை அப்படித்தான் உண்டாகிறது.

இலவசமாக இடம் தரும் நிறுவனத்தை நாடலாமே என்பார் உளர். ஜியோசிட்டீஸ் என்ற பெயரில் 1990களில் ஒரு நிறுவனம் அவ்வாறே இடம் தந்தது. கோடிக்கணக்கான பக்கங்களை மக்கள் அதில் ஆர்வத்துடன் எழுதிக் குவித்தனர். 1999ஆம் ஆண்டில் யாஹூ அதனை வாங்கியது. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடியது. ஆர்வலர்கள் விரைந்து படியெடுத்த அளவே எஞ்சியது. பிறர் திண்ணையில் படுத்தவன், வீட்டுக்காரன் எழுப்பும்போது எழத்தான் வேண்டும்.

விளம்பரம் வாங்கலாமே என்பார் வேறு சிலர். இம்மலரிலும் விளம்பரங்கள் உள்ளனவே என்று அவர்கள் கேட்பது நியாயமே. மலரில் விளம்பரம் தந்த கடைக்காரர் நாம் அறிந்தவர். அவர் பக்கம் எது என்பதை நாமே வகுத்தோம். இணையத்திலோ எந்த விளம்பரம் எவர் கண்ணில் படவேண்டும் என்பதைப் பெரும்பாலும் வெளியார் நடத்தும் ஏலமே முடிவு செய்கிறது. படிப்பவர் எதைப் பார்க்கிறார் என்ற கணக்கும் அவர்கள் கைக்குச் செல்கிறது. நம் பிள்ளைகள் உலவும் இடத்தில் அதற்கு நாம் இசையலாமா?

இக்கேள்வியை நம்மினும் மிகப் பெரியோர் எதிர்கொண்டனர். விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கியபோது அதன் செலவை ஒரு தனியார் நிறுவனமே ஏற்றது. விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு 2002ஆம் ஆண்டில் எழுந்தவுடன், ஸ்பானிய மொழியில் எழுதி வந்தோரில் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். எழுதுவோரே இல்லாவிடில் விளம்பரத்தை எதில் இடுவது? 2003ஆம் ஆண்டில் விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பட்டது. அன்று முதல் வாசகர் தரும் சிறு நன்கொடைகளே அதன் முதுகெலும்பு. அதே ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. படிப்பவர்களில் நூற்றுக்கு இருவரே கொடுக்கின்றனர் என்று அவ்வறக்கட்டளையே தன் வேண்டுகோள்களில் சொல்லி வந்திருக்கிறது. அதனால் 2016ஆம் ஆண்டில் நிலைநிதி ஒன்றையும் தொடங்கி, 2021ஆம் ஆண்டிற்குள் 10 கோடி டாலர் சேர்த்தது.

நிலைநிதி என்பது நமக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கோயிற் சுவர்களைப் பாருங்கள். இறைவன் திருமுன் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமாயின், விளக்கை மட்டும் கொடுத்து எவரும் அமைந்துவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் விளக்கொன்றுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று வகுத்து இடையர்களிடம் ஒப்படைத்தான். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு விடப்பட்ட மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் பல குறிக்கும். ஆடு மூப்பதும் சாவதும் உண்டு; மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது. கொடுத்தவர் இன்னார், பெற்றவர் இன்னார், அளவு இவ்வளவு என்பதும் கல்லில் யாவரும் காண நின்றது.

அக்கல்வெட்டு நமக்குக் கற்பிப்பவற்றைச் செயற்குழு நான்கு வேண்டுகோள்களாக உங்கள் முன் வைக்கிறது.

ஒன்று: இணையப் பெயரும் அதன் திறவுச்சொற்களும் தனியொருவர் பெயரில் இராது, சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். செயலாளர், பொருளாளர் இருவரும் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டு: குடும்பந்தோறும் ஆண்டுச் சந்தாவுடன் ஒரு சிறு தொகை சேரட்டும். ஒரு செல்வர் முழுவதும் தர முன்வரினும், அவரையும் மற்றவர்களுக்கு ஒப்பாகவே தரும்படி வேண்டுவோம். எஞ்சியதை அவர் நிலைநிதிக்கு அளிக்கட்டும்.

மூன்று: நிலைநிதியின் முதலைத் தொடாது, வட்டியை மட்டுமே செலவிடுவோம். இங்கு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டில் வாழும் நம் மக்கள் உதவ விரும்புவர். இந்தியக் குடியுரிமை உடையவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகாது. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் நம் மகனே ஆயினும், அவர் தரும் பணம் 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்திற்கு உட்பட்டது. அரசின் பதிவோ முன் அனுமதியோ இன்றிச் சங்கம் அதனை ஏற்கலாகாது.

நான்கு: வரவும் செலவும் ஆண்டுதோறும் அத்தளத்திலேயே வெளியிடப்படட்டும். கணக்கைக் கண்ட கை மீண்டும் கொடுக்கும்.

இவற்றை வரும் பொதுக்குழு ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். தர இயலாத குடும்பத்திற்கும் தளத்தின் கதவு இன்றுபோலவே திறந்திருக்கும். கோயில் விளக்கின் ஒளி, நெய் அளந்தவர் முகத்தில் மட்டுமா விழுந்தது?

அன்பர்களே! நாளை இந்நகருக்கு ஒரு புதிய குடும்பம் வரும். இங்கே தமிழர் உளரா என்று தேடும். அத்தேடலுக்கு விடை சொல்லும் விளக்கை நம் இளைஞர்கள் ஏற்றிவிட்டனர். இனி நெய் அளக்கும் முறை நம் அனைவருடையது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!